பீட்டா பிளாக்கர் செய்தியும் விட்டுப்போன ஒரு வரியும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மாரடைப்பு வந்தவர்களுக்கு, இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை தேவையில்லை என்று உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த செய்தியைப் பற்றித்தான் எழுதுகிறேன். 'இத்தனை காலம் நோயாளிகள் வீணாக விழுங்கிவந்த மாத்திரை' என்று அதில் ஒரு வரி இருந்தது. பொது மருத்துவ வார்டில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்த வரியைப் படித்ததும் எனக்கு வந்தது பயம்தான். கோபம் அப்புறம் வந்தது.

என் அண்ணனும் உங்கள் வாசகர். மாரடைப்புக்குப் பிறகு அவருடைய இதயம் பலவீனமாகிவிட்டது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் இடது கீழறை தன்னிடமுள்ள இரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்று எக்கோ ஸ்கேனில் பார்ப்பார்களே, அந்த இ.எஃப். அளவு அவருக்கு 35ஐத் தாண்டியதே இல்லை. செய்தியைப் படித்தவர் அன்றிரவே பைசோப்ரோலால் என்ற தன் பீட்டா பிளாக்கர் மாத்திரையை நிறுத்திவிட்டார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சில நாட்களிலேயே படபடப்பு, படுத்தால் மூச்சுத்திணறல், அவசர சிகிச்சைப் பிரிவு. பிழைத்துக்கொண்டார். ஏன் நிறுத்தினீர்கள் என்று டியூட்டி டாக்டர் கேட்டதற்கு, "நம்ம பேப்பர்லயே போட்டிருந்தாங்களே" என்றார். உங்கள் இதழை அவர் நம்ம பேப்பர் என்றுதான் சொல்வார்.

நீங்கள் எழுதியது பொய் என்று நான் சொல்லவில்லை. ஸ்பெயினிலும் இத்தாலியிலும் சுமார் 8,500 பேரிடம் நடந்த ரீபூட் ஆய்வின் முடிவு அது. 2025 ஆகஸ்டில் மாட்ரிட்டில் கூடிய ஐரோப்பிய இதயவியல் மாநாட்டில் வெளியானது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் இறப்பிலோ, மறுபடி மாரடைப்பு வருவதிலோ வித்தியாசம் தெரியவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் இ.எஃப். 40க்கு மேல் இருந்தவர்களை மட்டுமே அந்த ஆய்வில் சேர்த்தார்கள். இந்த ஒரு வரி உங்கள் செய்தியில் எங்கே போனது? என் அண்ணனைப் போன்றவர்களுக்கு அந்த ஆய்வில் இடமே இல்லை. அவர்களைப் பற்றி அது எதுவும் சொல்லவும் இல்லை.

அவர்களைப் பற்றிச் சொன்ன ஆய்வு வேறு. 1999இல் வெளியான சிபிஸ்-2 ஆய்வில் இருந்தவர்கள் எல்லோருக்கும் இ.எஃப். 35 அல்லது அதற்குக் கீழே. கொடுத்த மருந்தும் இதே பைசோப்ரோலால்தான். மருந்து இல்லாதவர்களில் நூற்றுக்கு 17 பேர் இறந்தார்கள், மருந்து எடுத்தவர்களில் 12 பேர். பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி முடித்துவிட்டார்கள். அப்படிப்பட்ட மாத்திரையைத்தான் அண்ணன் நிறுத்தினார், அதுவும் ஒரே நாளில். பீட்டா பிளாக்கரை யாருமே அப்படி நிறுத்தக் கூடாது. அட்ரினலின் வந்து ஒட்டும் இடங்களான ஏற்பிகளை மருந்து பல மாதம் தடுத்துவைத்திருக்கும்; அவை அதற்குள் எண்ணிக்கையில் கூடியிருக்கும். தடுப்பை திடீரென்று எடுத்தால் அட்ரினலின் மொத்தமும் ஒரேயடியாக இதயத்தைத் தாக்கும். டோஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும் என்று மருந்தோடு வரும் தாளிலேயே எழுதியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே மாநாட்டில் நார்வேயும் டென்மார்க்கும் சேர்ந்து செய்த ஆய்வும் வெளியானது. அதில் மாத்திரை எடுத்தவர்களுக்குப் பலன் தெரிந்தது. இறப்பும் பெரிய இதய, மூளைப் பாதிப்புகளும் சேர்ந்து நூற்றுக்கு 16 என்று இருந்தது 14 ஆனது. முக்கியமாக மறு மாரடைப்பு குறைந்தது. இ.எஃப். 40க்கும் 49க்கும் இடையில் இருப்பவர்களை மட்டும் பல ஆய்வுகளிலிருந்து சேர்த்துப் பார்த்தபோதும் மாத்திரை உதவுவதாகவே தெரிந்தது. பிரான்சில் செய்து 2024இல் வெளியான அபிஸ் ஆய்வு இன்னும் நேரடியானது. மாரடைப்புக்குப் பிறகு பல காலமாக மாத்திரை எடுத்து நன்றாக இருப்பவர்களில் பாதிப் பேருக்கு அதை நிறுத்திப் பார்த்தார்கள். நிறுத்தியவர்களுக்குப் பாதிப்புகள் கொஞ்சம் கூடுதலாகவே வந்தன, முக்கியமாக இதயக் கோளாறுக்காக மறுபடி மருத்துவமனையில் சேருவது. இவ்வளவு இருக்க, ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துப் பெரிய எழுத்தில் போட்டீர்கள். மருத்துவர்கள் இன்னும் பேசித் தீராத விஷயத்தை நீங்கள் ஒரே வரியில் முடித்துவைத்துவிட்டீர்கள்.

இது முதல் முறையாக இருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

2015இல் ஸ்பிரின்ட் ஆய்வு வந்தபோது இரத்த அழுத்தத்தின் மேல் அளவு இனி எல்லோருக்கும் 120க்குக் கீழே என்று எழுதினீர்கள். அப்போது நான் வேலையில் இருந்தேன். நோயாளிகளின் பிள்ளைகள் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மாவுக்கு ஏன் இன்னும் 138 காட்டுது, மாத்திரையைக் கூட்டச் சொல்லுங்க" என்று எங்களிடம் சண்டைக்கு வந்தார்கள். அந்த ஆய்வில் சர்க்கரை நோய் உள்ளவர்களும் இல்லை, ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களும் இல்லை. எங்கள் வார்டில் பாதிப் பேருக்கு இந்த இரண்டில் ஒன்றாவது இருக்கும். அழுத்தம் பார்த்த விதமும் வேறு. ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, தானியங்கிக் கருவியால் மூன்று முறை எடுத்து, சராசரி போட்டார்கள். படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவர் கையில் பட்டையைக் கட்டி எடுத்த 138ஐ அந்த 120ஓடு ஒப்பிடவே கூடாது. மயங்கி விழுவதும் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்படுவதும் அழுத்தத்தைத் தீவிரமாகக் குறைத்தவர்களிடம் அதிகமாக இருந்தன என்பதும் அதே ஆய்வில் உள்ளதுதான். அதையும் நீங்கள் விட்டுவிட்டீர்கள்.

2020இல் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து. ரெகவரி ஆய்வில் வென்டிலேட்டரில் இருந்த கோவிட் நோயாளிகளின் இறப்பு நூற்றுக்கு 41லிருந்து 29 ஆகக் குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களுக்கு 26லிருந்து 23. மகத்தான முடிவு, சந்தேகமே இல்லை. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கோ பலன் எதுவும் இல்லை, கெடுதலாகவும் இருக்கலாம் என்றுதான் தெரிந்தது. 'உயிர் காக்கும் மாத்திரை' என்று நீங்கள் போட்ட செய்தியில் அந்தப் பாதி வரவில்லை. லேசான காய்ச்சலோடு வீட்டில் இருந்த எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தாமாகவே வாங்கிச் சாப்பிட்டார். அவர் சர்க்கரை நோயாளி. ஸ்டீராய்டு சர்க்கரையை எப்படி ஏற்றும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சதவீதங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எடை குறைக்கும் செமாகுளுடைட் ஊசி இதயப் பாதிப்பை 20 சதவீதம் குறைக்கிறது என்று 2023இல் தலைப்பு வைத்தீர்கள். செலக்ட் என்ற அந்த ஆய்வில் 17,604 பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் ஏற்கெனவே இதய, இரத்தக்குழாய் நோய் இருந்தது, உடல் எடை அதிகம், சர்க்கரை நோய் கிடையாது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்த்ததில் மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 8 பேருக்கும், மருந்து ஊசி போட்டவர்களில் 6.5 பேருக்கும் பாதிப்பு வந்தது. அந்த எட்டுக்கும் ஆறரைக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் 20 சதவீதம். கணக்கு தப்பில்லை. ஆனால் தன் ஆபத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்பதை நூறு பேரில் இருபது பேர் பிழைப்பார்கள் என்று வாசகர் புரிந்துகொண்டால் அது அவர் குற்றமா? பக்கவிளைவு தாங்காமல் ஊசியை விட்டவர்கள் நூற்றுக்கு 16 பேருக்கும் மேல். அதுவும் வந்திருக்க வேண்டும்.

இவையெல்லாம் மருந்து பற்றிய செய்திகள். மருந்து இல்லாத ஆய்வு எதையும் உங்கள் பக்கத்தில் நான் பார்த்த நினைவில்லை. இதுதான் எனக்கு மிகப் பழைய ஆதங்கம். மருத்துவமனையில் சேரும் முதியவர்களுக்குத் திடீரெனப் புத்தி தடுமாறும். பகல் இரவு தெரியாது, பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாது, டியூப்பைப் பிடுங்குவார்கள். 'வயசாயிடுச்சு' என்று வீட்டார் கலங்கிப்போவார்கள். 1999இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 70 வயதைக் கடந்த 852 நோயாளிகளிடம் ஒரு முறையைச் சோதித்தார்கள். கண்ணாடியும் காதுக்கருவியும் கையருகே இருக்கும்படி பார்த்துக்கொள்வது, தேதியும் இடமும் சொல்லிப் பேச்சுக் கொடுப்பது, தண்ணீர் குடிக்கவைப்பது, எழுந்து நடக்கவைப்பது, இரவில் சத்தம் குறைத்துத் தூங்கவிடுவது. அவ்வளவுதான். நூற்றுக்கு 15 பேருக்கு வந்த தடுமாற்றம் 10 பேருக்குக் குறைந்தது. இந்த அளவுக்குப் பலன் தரும் மாத்திரை ஒன்று வந்திருந்தால் முதல் பக்கத்தில் போட்டிருப்பீர்கள். இது செவிலியரும் உதவியாளரும் வீட்டாரும் செய்யும் வேலை என்பதால் உங்கள் கண்ணில் படவில்லை.

2002இல் அமெரிக்காவில் வந்த இன்னொரு ஆய்வு, ஒரு செவிலியர் கவனிக்கும் அறுவை சிகிச்சை நோயாளிகளின் எண்ணிக்கையில் ஒருவர் கூடினால், 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதைக் காட்டியது. 2014இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளிலும் ஏறக்குறைய அதே அளவுதான் வந்தது. இரவு ஷிப்டில் ஒரு வார்டு முழுவதையும் தனியாகப் பார்த்தவர்கள் நாங்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் மோசமானால் யாரிடம் முதலில் ஓடுவது என்று திகைத்து நின்றிருக்கிறேன். இறந்தவரின் வீட்டார் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாமல் தலைகுனிந்தும் நின்றிருக்கிறேன். அந்த ஆய்வுகளைப் பற்றி நீங்கள் ஒரு பத்தி எழுதியிருந்தால், அந்த வீட்டாருக்காவது உண்மை தெரிந்திருக்கும்.

நோயாளிகள் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாததற்கு அவர்களுடைய அலட்சியமே காரணம் என்று ஒருமுறை தலையங்கமே எழுதினீர்கள். வளர்ந்த நாடுகளிலும் நீண்டகால நோயாளிகளில் பாதிப் பேர்தான் சொன்னபடி மருந்து எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003லேயே சொன்னது. அவர்களுக்குத் துணை நிற்க வேண்டும், குறை சொல்லக் கூடாது என்றும் அதே அறிக்கை சொன்னது. என் அண்ணன் அதுவரை ஒரு வேளை மாத்திரையைக்கூட விட்டதில்லை. உங்கள் செய்தியை நம்பித்தான் நிறுத்தினார். இதை அலட்சியக் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மருத்துவ ஆய்வுச் செய்தி ஒவ்வொன்றின் அடியிலும் நான்கைந்து வரிக்கு இடம் ஒதுக்குங்கள். எத்தனை பேரிடம் செய்தார்கள், எந்த வயதினர், யாரைச் சேர்க்கவில்லை, நூறு பேரில் எத்தனை பேருக்குப் பலன், எத்தனை பேருக்குத் தொந்தரவு என்று போடுங்கள். மருத்துவரிடம் கேட்காமல் எந்த மாத்திரையையும் நிறுத்தவோ தொடங்கவோ வேண்டாம் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். பீட்டா பிளாக்கர் செய்திக்கு மட்டும் தனியாக ஒரு விளக்கம் உடனே வர வேண்டும். இ.எஃப். 40க்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்த முடிவு பொருந்தாது என்பதைத் தலைப்பிலேயே சொல்லி, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர், உங்கள் நெடுநாள் வாசகி