பாதிப் புத்தகத்தில் இருக்கும் சகோதரிக்கு

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். கிளை நூலகத்தில் நம் வாசகர் வட்டம் கூடிய அன்று, 'இப்போது என்ன படிக்கிறீர்கள்?' என்ற கேள்வி வரிசையாக வந்து உங்களிடம் நின்றது. "நான் பெரிதாக ஒன்றும் படிப்பதில்லை டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தீர்கள். உங்கள் துணிப்பையில் ஒரு மாத நாவல் இருந்தது. தோள், கை, இடுப்பு என்று அளவுகள் குறித்த சீட்டு ஒன்றை அதன் நடுவில் அடையாளமாகச் செருகியிருந்தீர்கள். அட்டையின் ஓரம் மடங்கி, ஒரு பக்கம் மிஷின் எண்ணெய்க் கறை. தையல் மிஷினுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, ஒரு துணிக்கும் அடுத்த துணிக்கும் நடுவில் எடுத்துப் படிக்கிறீர்கள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. பெரிதாக ஒன்றும் படிக்காதவர்களின் புத்தகம் அப்படி அழுக்காகாது.

கூட்டம் முடிந்ததும் தனியாக அழைத்துச் சொல்லியிருக்கலாம். உங்களுக்குச் சங்கடமாகிவிடும் என்று விட்டுவிட்டேன். இப்போது பெயர் போடாமல் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. உங்களைப் போல் வாய்க்குள்ளேயே விழுங்கிக்கொள்கிறவர்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் இருக்கிறார்கள். அடுத்த முறை வருவதே இல்லை.

உங்கள் மேல் தவறில்லை. உங்களுக்கு முன்னால் பேசியவர்கள் அப்படி. நம் வட்டத்தில் ஒருவர், எப்போது கேட்டாலும் ஒரு தடித்த ருஷ்ய நாவலின் பெயரைச் சொல்வார். அவர் அதைக் கல்லூரி நாட்களில் படித்து முடித்தவர். இப்போது வீட்டில் அவர் புரட்டுவது பஞ்சாங்கமும் நாளிதழும்தான் என்று அவர் மனைவியே என்னிடம் சொல்லியிருக்கிறார். சென்னைப் புத்தகக் காட்சி முடிந்த மாதத்தில் வேறொரு கூத்து நடக்கும். என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டால், என்ன வாங்கினார்கள் என்ற பட்டியல் வரும். இவர்களுக்குப் பிறகு உங்கள் முறை வந்தால் யாருக்குத்தான் வாய் வரும்?

இதே கேள்விக்கு நம் கும்பகோணத்திலேயே ஒரு பழைய கதை உண்டு. 1880ஆம் ஆண்டு. இங்குள்ள கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்த உ.வே. சாமிநாதையருக்கு அப்போது வயது 25. அரியலூரிலிருந்து மாற்றலாகி முன்சீபாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக, வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். யாரிடம் பாடம் கேட்டீர்கள் என்கிறார் முதலியார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்ற பெயரைச் சொன்னால் எதிரில் இருப்பவர் முகம் மலரும் என்று ஐயர் எதிர்பார்க்கிறார். முதலியார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்பது அடுத்த கேள்வி. அந்தாதியில் ஆரம்பித்து, பிள்ளைத்தமிழ், கோவை என்று ஐயர் அடுக்கிக்கொண்டே போகிறார். புராணங்கள் வந்தன, கம்பராமாயணம் வந்தது. அப்போதும் முதலியாருக்குத் திருப்தி இல்லை. இவற்றுக்கெல்லாம் முந்தைய நூல்கள் ஏதாவது? சிந்தாமணி? மணிமேகலை? சிலப்பதிகாரம்? ஐயர் அவற்றைப் படித்திருக்கவில்லை. தமிழைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்தவர், அன்று கையை விரிக்க வேண்டியதாயிற்று. இதை அவரே 'என் சரித்திரம்' நூலில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

முதலியார் கேட்ட விதம் எனக்கு என்றைக்கும் பிடித்ததில்லை. வீடு தேடி வந்தவரைக் கூண்டில் ஏற்றிய சாட்சிபோலக் குறுக்கு விசாரணை செய்திருக்கிறார். ஆனால் அதற்குப் பிறகு செய்த காரியத்துக்காக அவரை மன்னித்துவிடலாம். தம்மிடம் இருந்த சீவக சிந்தாமணிப் பிரதியை எடுத்துக் கொடுத்தார். இருவரும் சேர்ந்தே படிக்க உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, பல இடங்கள் ஐயருக்கே பிடிபடவில்லை. சமண சமயத்துச் செய்திகள் வரும் இடங்களில் தடுமாறினார். பிறகு, ஊரில் இருந்த சமணர்களைத் தேடிப் போய்க் கேட்டார்.

அப்படிப் போன இடத்தில் நடந்தது எனக்கு மிகவும் பிடித்தமான பகுதி. போன வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம் கட்டிக் கோலம் போட்டிருக்கிறார்கள். என்ன விசேஷம் என்று விசாரித்தால், சிந்தாமணி படித்துவந்தோம், இன்று பூர்த்தியாயிற்று என்கிறார்கள்! ஐயர் அதை அச்சில் கொண்டுவந்தது 1887இல். அதற்குப் பல வருடங்களுக்கு முன்னால், எந்தப் புலவருக்கும் பேராசிரியருக்கும் தெரியாமல், இந்த ஊரில் ஒரு குடும்பம் அந்தக் காவியத்தைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்த வீட்டாரிடம் யாராவது முன்பே போய் 'இப்போது என்ன படிக்கிறீர்கள்?' என்று கேட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அடிக்கடி யோசிப்பேன். யாரும் கேட்கவில்லை. அவர்களாகவும் சொல்லிக்கொள்ளவில்லை.

உங்கள் மாத நாவலும் சிந்தாமணியும் ஒன்று என்று சொல்லவரவில்லை. சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். மாத நாவல்களில் பாதியை அட்டையைப் பார்த்தே முடிவு வரை சொல்லிவிடலாம் என்பது என் அபிப்பிராயம், மாற்றிக்கொள்வதாக இல்லை. ஆனால் தீபாவளி நெருங்கி, தைக்க வேண்டிய ரவிக்கைகள் குவிந்து கிடக்கும்போதும் ஒரு கதை உங்களைப் பத்து நிமிடம் இழுத்து வைத்துக்கொள்கிறது என்றால், அது எப்படி என்று எனக்குத் தெரிய வேண்டும். எந்த இடத்தில் மிஷினை நிறுத்தினீர்கள்? எந்த இடத்தில் 'சே, இவ்வளவுதானா' என்று மூடி வைத்தீர்கள்? இதை உங்களைத் தவிர வேறு யாரால் சொல்ல முடியும்?

முடித்த புத்தகத்தைப் பற்றிப் பேசுவது சுலபம். அதற்குள் முன்னுரை, பின்னட்டை வாசகம், நண்பர் சொன்னது, மதிப்புரையில் பார்த்தது எல்லாம் சேர்ந்து ஒரு கருத்து தயாராகிவிடும். நாம் சொல்வதில் நம்முடையது எவ்வளவு என்று நமக்கே தெரியாது. பாதியில் நிற்கும்போது அந்த வசதி இல்லை. யார் நல்லவர், யார் கெட்டவர் என்று இன்னும் தெரியாது. ஒரு பாத்திரத்தின் மேல் எரிச்சலாக இருக்கும். காரணம் சொல்லத் தெரியாது. அந்த நிலையில் ஒருவர் பேசுவதைக் கேட்கத்தான் நான் வெயிலில் நூலகத்துக்கு நடந்து வருகிறேன்.

நம் அம்மாக்களுக்கு இது சொல்லித் தர வேண்டியதாக இருக்கவில்லை. 'பொன்னியின் செல்வன்' கல்கி பத்திரிகையில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. அந்த வருடங்களில் 'நான் அதை முடித்துவிட்டேன்' என்று ஊரில் ஒருவரும் பெருமையடித்துக்கொண்டிருக்க முடியாது. எழுதியவரே முடித்திருக்கவில்லை! படித்தவர்கள், படிப்பைப் பாதியில் விட்டவர்கள், பக்கத்து வீட்டில் இரவல் வாங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே அத்தியாயத்தில் அடுத்த வாரத்துக்காகக் காத்திருந்தார்கள். குழாயடியில் பேச அது போதும். என் அம்மா தொடர்கதைப் பக்கங்களைப் பத்திரிகையிலிருந்து கழற்றி, கோணி ஊசியில் சணல் கோத்துத் தைத்து, பழைய காலண்டர் அட்டையை மேலே ஒட்டி வைப்பார். அந்தப் பைண்டு புத்தகங்களில் கதைக்கு எதிர்ப் பக்கத்தில் தலைவலித் தைல விளம்பரம் இருக்கும். ஒரு நகைச்சுவைத் துணுக்கின் பாதி இருக்கும், மீதி பாதி கழற்றாமல் விட்ட பக்கத்தோடு போயிருக்கும். அம்மாவிடமிருந்து அது தெரு முழுக்கப் போய்வரும். திரும்பி வரும்போது யார் எந்த இடத்தில் அழுதார்கள் என்ற செய்தியும் கூடவே வரும். இன்று ஆளுக்கு ஒரு புத்தகம், ஆளுக்கு ஒரு பக்கம். வாய் திறந்து சொன்னால்தான் அடுத்தவருக்குத் தெரியும்.

என் கதையைச் சொல்கிறேன். நான் இப்போது படிப்பது ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. 1972இல் புத்தகமாக வந்த நாவல். இரண்டாம் உலகப் போரின்போது இந்தோனேசியா, மலேயா பக்கம் இருந்த தமிழர்களின் கதை. ஜப்பானியப் படை மெடான் நகருக்குள் வருவதில் தொடங்குகிறது. சிங்காரம் இளம் வயதில் மெடானுக்கு வேலைக்குப் போய், பிறகு மதுரைக்குத் திரும்பிப் பத்திரிகையில் வேலை பார்த்தவர். கதாநாயகன் பாண்டியன் இருப்பது கடல் கடந்த ஊரில். நினைப்பெல்லாம் மதுரைத் தெருக்களில். குடித்துவிட்டு நண்பர்கள் பேசும் இடங்களில் பழைய இலக்கியம், தமிழர் பெருமை எல்லாம் கிண்டலுக்கு ஆளாகின்றன. அங்கேதான் நான் மாட்டிக்கொண்டு நின்றேன். யார் பேசுகிறார்கள், எது நினைவு, எது நிகழ்வது என்று புரியவில்லை. பக்கங்களைத் தாண்டத் தொடங்கினேன்.

நீங்கள் வருவதற்கு முந்தைய கூட்டத்தில் இதை அப்படியே சொன்னேன். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள் இப்படிச் சொல்லலாமா என்று ஒருவர் முகம் சுளித்தார். ஆனால் காரைக்குடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் புத்தகத்தை வாங்கி, நான் தாண்டிய பக்கத்தையே உரக்கப் படித்துக் காட்டினார். அவருடைய தாத்தா பர்மாவில், நாவலில் வருவதைப் போன்ற ஒரு லேவாதேவிக் கடையில், அதாவது வட்டிக்கடையில், வேலை பார்த்தவராம். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று அந்தக் கடையில் யார் எங்கே உட்காருவார்கள், யார் யாரிடம் பேசலாம், சம்பளக் கணக்கு எப்போது முடியும் என்று விளக்கினார். எனக்கு வெறும் சொற்களாக இருந்தவை ஆட்களாக மாறின. படிக்கும்போது கண்ணுக்குப் புலப்படாத கேலி, அவர் குரலில் கேட்டதும் புரிந்து வாய்விட்டுச் சிரித்தேன். முடித்துவிட்டுக் கௌரவமாகப் பேசலாம் என்று நான் காத்திருந்தால், அந்த நாவலை மூடி வைத்துத் திருப்பிக் கொடுத்திருப்பேன். பெரியவரும் தாத்தா கதையைத் தமக்குள்ளேயே வைத்துக்கொண்டு போயிருப்பார்.

நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதிய எஸ்.ஆர். ரங்கநாதன் நம் பக்கத்துக்காரர், சீர்காழியில் பிறந்தவர். கணக்கு ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். அந்த விதிகளைச் சொல்லும் அவருடைய நூல் 1931இல் வந்தது. அதில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்பது இரண்டாவது விதி. ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாவது. மூன்றாவது விதி நம் கிளை நூலகத்தில் எப்படி நடக்கிறது என்று வேண்டுமானால் காட்டுகிறேன். புத்தகத்தின் உள்ளே ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பாருங்கள். வருடக்கணக்காக முத்திரையே விழாமல் கிடந்த ஒரு புத்தகத்தை யாராவது கூட்டத்தில் 'படித்துக்கொண்டிருக்கிறேன்' என்று சொல்லியிருப்பார். அடுத்த சில மாதங்களில் முத்திரைமேல் முத்திரையாக விழுந்திருக்கும். நூலகர் அதற்காக ஒரு சுவரொட்டிகூட ஒட்டியிருக்க மாட்டார். சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம்; அலமாரியில் தூசி படியவா கட்டுகிறோம்?

வயரிங் வேலை செய்யும் தம்பி ஒருவரும் வருகிறார், கவனித்திருப்பீர்கள். அவர் கைப்பேசியில் கதை கேட்பவர். கேட்பதெல்லாம் படிப்பதாகுமா என்று சிலர் அவரை மடக்குகிறார்கள். எனக்கு அந்த விவாதத்தில் துளியும் அக்கறை இல்லை. ஏணியில் நின்றுகொண்டே அவர் கேட்ட கதையை, ஒரு வரி பிசகாமல் திருப்பிச் சொன்னார். உட்கார்ந்து படித்த பலருக்கு அது வராது.

ஆகவே வாருங்கள். முடிக்காத புத்தகத்தைச் சொல்லலாம். பிடிக்காமல் பாதியில் விட்டதைச் சொல்லலாம். ஒரு மாதம் எதையும் திறக்கவே நேரமில்லை என்றால் அதையும் சொல்லலாம், மழுப்ப வேண்டியதில்லை. 'இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள்?' என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன். அந்தக் கேள்வியை வகுப்பறையில் ஒரு காலத்தில் நானே நிறையக் கேட்டவள். அதற்குப் பிள்ளைகள் எப்படிப் பொய் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

வழக்கம்போல இரண்டாம் ஞாயிறு, மாலை நான்கு மணி. நூலகரிடம் பேசிவிட்டேன், இந்த முறை நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொல்லியிருக்கிறேன். முதல் வரிசை, கடைசி வரிசை என்ற பேச்சு இருக்காது. மின்விசிறி ஒன்றுதான் ஓடுகிறது, கொஞ்சம் முன்னதாக வந்து இடம் பிடித்துக்கொள்ளுங்கள். தேநீர்ச் செலவு என்னுடையது.

அன்புடன்,
டீச்சர்