பின்சில்லு பிரேக்கும் பதினோராயிரம் ரூபாவும்

தலவாக்கலை
2025 ஜூலை

அன்பின் நண்பா,

உன் கடிதம் கிடைத்து நாளாகிவிட்டது. இங்கு அனைவரும் நலம். அம்மாவின் மூட்டுவலி மழையோடு வந்து வெயிலோடு போகிறது. மகள் இந்த முறை கணக்கில் தேறிவிட்டாள். நம் கூட்டாளி நெட்டை வாங்கிய கடனை இன்னும் தரவில்லை. நீயும் அதை எதிர்பார்த்திருக்க மாட்டாய். இனி விடயத்துக்கு வருகிறேன். இதை யாரிடமாவது தொடக்கத்திலிருந்து முடிவு வரை சொல்லித் தீர்க்க வேண்டும். வீட்டிலோ பிரேக் என்ற பேச்சையே இனி எடுக்கக்கூடாது என்று மனைவி தடை விதித்துவிட்டாள்.

என் மோட்டார் சைக்கிளை நீ மறந்திருக்க மாட்டாய். 2016 இல் லீசிங்குக்கு எடுத்தபோது பிணை நின்றவனே நீதான். தவணை முடியும் வரை உனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை என்று உன் வீட்டார் சொல்லக் கேட்டிருக்கிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, கையில் ஒரு பழைய வண்டி இருந்தவன் அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டான். 2022 இல், எரிபொருள் தட்டுப்பாட்டில், கியூஆர் பங்கீட்டு அட்டைக்கு வாரத்துக்கு நான்கு லீற்றர் பெற்றோல் கொடுத்த நாட்களில் அதைத் தள்ளிக்கொண்டு வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருவன். ஆகவே செலவு சற்று அதிகமானாலும் பரவாயில்லை என்று, கண்ட கண்ட கராஜுகளில் விடாமல், கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சேவை நிலையத்துக்கே அதைக் கொண்டுபோய் வந்தேன். அந்த நிலையத்தின் பெயரையும் ஊரையும் எழுதமாட்டேன். எழுதினால் மறுநாளே நீ முகநூலில் ஏற்றிவிடுவாய். நீதிமன்றப் படி ஏறுபவன் நானாக இருப்பேன்.

இந்த வருடம் பெப்ரவரியில் இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்ததும் அந்த இடத்தின் போக்கு மாறிவிட்டது. முன்பக்கத்தில் புதிய வண்டி வாங்க வருபவருக்குக் குளிர்பானமும் குஷன் கதிரையும் உண்டு; பின்பக்கத்தில் சேர்விஸுக்கு வரும் எங்களுக்குத் தகரக் கூரையின் ஒழுக்கும், ஒரு கால் உடைந்த வாங்கும். காலை எட்டு மணிக்கு வரும்படி தொலைபேசியில் நேரம் கொடுத்திருந்தார்கள். போய்ப் பார்த்தால், அதே எட்டு மணி அங்கே நின்ற அத்தனை பேருக்கும் கொடுக்கப்பட்டிருந்தது. மேற்பார்வையாளர் வண்டியை நிமிர்ந்தும் பார்க்காமல் அட்டையை நிரப்பினார். பின்சில்லு பிரேக் பெடல் அடிவரை இறங்குகிறது, டிரம்முக்குள் உராய்ந்து சில்லை நிறுத்தும் பிரேக் சூவை மாற்ற வேண்டும், முன்சில்லு டிஸ்க்குக்குப் பிரேக் ஒயிலும் மாற்ற வேண்டும் என்று நான் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். “எல்லாம் பார்ப்போம் சேர்” என்றார். மாலையில் போனபோது நாளைக்கு வரச் சொன்னார்கள். மறுநாள், வண்டி பளபளவென்று கழுவப்பட்டு, டயருக்குக் கறுப்புப் பூசப்பட்டு நின்றது. அதைப் பார்த்தபோது எனக்கும் மனம் குளிர்ந்தது என்பதை மறைப்பானேன்.

பில் பதினோராயிரத்துச் சொச்சம். என்ஜின் ஒயில், பின்சில்லு பிரேக் சூ, பிரேக் ஒயில், கூலி, அதற்கும் கீழே ‘இதர பொருட்கள்’ என்று ஒரு தொகை. இதர பொருட்கள் என்றால் என்ன என்று காசாளர் பிள்ளையிடம் கேட்டேன். “சிஸ்டத்துல அப்படித்தான் சேர் வருது” என்றாள். கழற்றிய பழைய சூவைத் தரும்படி கேட்டபோது, அது குப்பைக்குப் போய்விட்டது என்றார்கள். கொழுந்து பறிக்கும் நம் பெண்களின் நாட்சம்பளம் 1,350 ரூபாவானதே 2024 செப்டெம்பரில்தான். அந்தக் கணக்கில் இந்தப் பில் எட்டு நாள் உழைப்பு. அன்று என்னோடு அந்த வாங்கில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர், தாயின் சம்பளத்தையும் சேர்த்து வண்டித் தவணை கட்டும், தோட்டத்து லயன் வீடுகளில் வாழும் பையன்கள். அவர்களில் ஒருவனும் பில்லை விரித்துப் பார்க்கவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்கள்.

ஒரு வாரம் கழித்து, நுவரெலியாவில் ஒரு வேலையை முடித்துவிட்டு, மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, நானுஓயாவிலிருந்து ராதெல்ல குறுக்கு வீதியால் இறங்கினேன். வவுனியாவுக்குக் குடிபோன உனக்குப் பிரேக் என்பது வீதியில் படுத்திருக்கும் மாட்டுக்கு மரியாதை செய்யும் சாதனம். ராதெல்ல இறக்கம் மறந்துபோயிருக்கும். தூறல், பனிமூட்டம், முன்னால் மெதுவாக ஊர்ந்த ஒரு லொறி. பின் பிரேக்கை மிதித்தேன். டிரம்முக்குள் இரும்பு உராயும் சத்தம் கேட்டதே தவிர வேகம் குறையவில்லை. பாரம் முழுவதும் முன் பிரேக்கின் மேல் விழ, இரண்டு வளைவுகளுக்குள் அதன் பிடியும் மெதுமெதுவாகி, கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொண்டது. இரண்டாம் கியருக்கும் பிறகு முதலாம் கியருக்கும் இறக்கி, என்ஜினின் இழுப்பில் வேகத்தைக் கொன்று, தேயிலைப் பக்கத்து மண்மேட்டில் சாய்த்து நிறுத்தினேன். மனைவி இறங்கி ஒன்றும் பேசாமல் சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். 2023 ஜனவரியில் அதே ராதெல்லயில் பஸ்ஸும் வானும் ஆட்டோவும் மோதி ஏழு உயிர்கள் போனதை நாங்கள் இருவருமே நினைத்தோம். இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை.

மறுநாள் நம் சந்தியில் வண்டி திருத்தும் பாஸிடம் வண்டியை உருட்டிக்கொண்டு போனேன். அவருடைய கராஜுக்குப் பெயர்ப்பலகைகூட இல்லை என்பது உனக்குத் தெரியும், பல்லும் அதிகமில்லை. அவர் சாவியைத் தொடவே இல்லை. ஹேண்டிலில் இருக்கும் பிரேக் ஒயில் கிண்ணத்தைக் காட்டி, “சேர், இந்த ரெண்டு ஸ்குரூவையும் கொஞ்சம் பாருங்க” என்றார். குனிந்து பார்த்தேன். ஸ்குரூவின் நட்சத்திரப் பள்ளத்துக்குள் சிவப்பு மண் இறுகிக் காய்ந்து, பொருக்காகி, அதன் மேல் பச்சை பாசியும் பிடித்திருந்தது. அந்த இரண்டையும் கழற்றாமல் மூடி திறக்காது. மூடி திறக்காமல் ஒயில் மாற்ற முடியாது. திறந்தபோது உள்ளே கிடந்தது சாயத் தேநீரின் நிறத்தில் இருந்தது. பிறகு பின்சில்லைக் கழற்றினார். சூவின் மேற்பட்டை தேய்ந்து, கறுத்து, கண்ணாடி போட்டதுபோல் வழுக்கியது. ஓரிடத்தில் இரும்பே வெளியே தெரிந்தது. நான் காசு கொடுத்த புதிய சூ எந்த வண்டியில் ஓடிக்கொண்டிருக்கிறதோ, அல்லது இன்னும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறதோ.

நீ விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். இருந்தாலும் பாஸ் சொன்னதை நான் வீட்டில் தேடிப் படித்து உறுதிப்படுத்தியதால் உனக்கும் சொல்லாமல் விடமாட்டேன். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். டொட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய நிலையில் அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் டிஸ்க் சூடாகி, அந்தச் சூடு ஒயிலுக்கு ஏறி, உள்ளே ஆவிக்குமிழ் உண்டாகிறது. திரவத்தை அழுத்தினால் தள்ளும். ஆவியை அழுத்தினால் சுருங்கும், அவ்வளவுதான். சமதரையில் ஓடுபவனுக்கு இது பாடப்புத்தகச் சங்கதியாக இருக்கலாம். வருடத்தில் பாதி மழையும் பனியும், வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் எந்தப் பக்கமும் ஓர் இறக்கம் என்று வாழ்கிற எங்களுக்கு, அந்த அட்டையில் வேலை செய்யாமலேயே போடப்பட்ட ‘சரி’ அடையாளம் கொலைக்குச் சமம். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. மூன்று நாள் ஆறப்போட்டுத்தான் இந்த வரியை எழுதினேன்.

பழைய சூவைப் பத்திரிகைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு அதே நிலையத்துக்குப் போனேன். பில் கட்டும் வரை ‘சேர்’ ஆக இருந்த நான் அன்று ‘அங்கிள்’ ஆனேன். மேற்பார்வையாளர் முதலில், எங்கள் பையன்கள் அப்படிச் செய்யமாட்டார்கள் என்றார். பிறகு, அந்த வேலையைச் செய்தவர் விலகிவிட்டார் என்றார். கடைசியில், வெளியே கழற்றியதால் இனிப் பொறுப்பெடுக்க முடியாது என்றார். இந்த மூன்றும் எப்படி ஒரே சமயத்தில் உண்மையாக முடியும் என்று நான் கேட்டதற்கு, முகாமையாளர் கூட்டத்தில் இருக்கிறார் என்று பதில் வந்தது. கண்ணாடிக்கு அப்பால் முகாமையாளர் புதிய வண்டியொன்றின் சாவியை ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நம் விடுதி வார்டன் அங்கே நின்றிருந்தால் என்ன செய்திருப்பார் என்று நினைத்து, அந்த எரிச்சலிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. 

வெளியே வந்தபோது, கழுவும் பகுதியிலிருந்து ஒரு பையன் ஓடி வந்தான். என்னிடம் ஒன்பதாம் ஆண்டு வரை படித்தவன். இப்போது அங்கே பயிலுநன். ஒரு நாளைக்கு இத்தனை வண்டி முடிக்க வேண்டும் என்று எண்ணிக்கை போட்டிருக்கிறார்களாம். மழைக்காலத்தில் அந்த எண்ணிக்கைக்குள் சில்லைக் கழற்ற நேரமில்லை. ஒயில் ஊற்றி, செயின் இறுக்கி, கழுவி, அட்டையில் எல்லாக் கட்டத்துக்கும் ‘சரி’ போட்டு அனுப்பும்படி சொல்லப்பட்டிருக்கிறது. “நீங்க வாறது தெரிஞ்சிருந்தா நானே செஞ்சிருப்பேன் சேர்” என்றான். அந்த வார்த்தைதான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. எனக்குத் தெரிந்தவன் ஒருவன் உள்ளே இருந்தால் என் பிரேக் பிடிக்கும், இல்லாதவனுடைய பிரேக் பிடிக்காது என்றால், நாம் கொடுக்கும் காசு எதற்கு? அவன்மீது எனக்குக் கோபமில்லை. அவனுக்குக் கீழே இரண்டு தங்கைகள், தகப்பனார் இல்லை.

ஆகவே நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்து மூலம் முறையிடத் தீர்மானித்திருக்கிறேன். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லலாம் என்றாலும், கையெழுத்திட்ட கடிதத்தின் மீது எனக்குள்ள நம்பிக்கை உனக்குத் தெரிந்ததே. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, காசு வாங்கிச் செய்யும் சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும். முறைப்பாட்டைச் சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பில், வேலை அட்டையின் பிரதி, பாஸ் கைவைப்பதற்கு முன் நான் எடுத்த ஸ்குரூவின் படங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. மனைவி, காசு போனால் போகட்டும், வண்டியை இனிப் பாஸிடமே விடுங்கள் என்கிறாள். பாஸிடம் விடத்தான் போகிறேன். ஆனால் அந்த வாங்கில் உட்கார்ந்திருந்த பையன்கள் இன்றும் அங்கேதான் விடுகிறார்கள். பொகவந்தலாவைக்கும் மஸ்கெலியாவுக்கும் அந்த வண்டிகளில்தான் இறங்குகிறார்கள்.

உன்னிடம் கேட்பது இதுதான். வரைவை இத்துடன் வைத்திருக்கிறேன். எண்ணிக்கை போட்டு வேலை வாங்குகிறார்கள் என்ற பகுதியை எழுதினால் யார் சொன்னது என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு அரைமணி நேரம் போதும்; எழுதாவிட்டால், ஏதோ ஒரு பையனின் கவனக்குறைவு என்று சொல்லி அவனையே வெளியே அனுப்பிவிட்டு, கம்பெனி தப்பித்துக்கொள்ளும். என் எண்ணம், அந்தப் பகுதியை அடியோடு வெட்டிவிட்டு, வேலை அட்டைகளையும் உதிரிப்பாக இருப்பையும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி அதிகார சபையைக் கேட்பது. இருப்பிலிருந்து வெளியே போன சூக்களின் தொகையும் பில்லில் எழுதிய சூக்களின் தொகையும் பொருந்தாவிட்டால் பையன் வாய் திறக்க வேண்டிய தேவையே இராது. இது நடைமுறையில் சாத்தியமா என்று, சட்டத்தரணியான உன் மைத்துனரிடம் கேட்டு எழுது. உன் சிங்களம் என்னுடையதைவிடச் சுத்தமானது என்பதால் இரண்டாவது பிரதியை நீயே திருத்து. கோபத்தில் நான் போட்ட இரண்டு பெயரடைகளை எடுத்துவிட்டால் நல்லது. காலக்கெடுவுக்கு இன்னும் நாளிருக்கிறது, என்றாலும் இந்த மாதம் முடிவதற்குள் என் கையில் கிடைக்கும்படி அனுப்பு; பதிவுத் தபாலில் அனுப்பு, நெட்டையிடம் கொடுத்துவிடாதே.

உன் அன்புள்ள,
பெரிசு