கரையோரக் காற்றுக்கு நைசார் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து உருவாக்கிய நைசார் ரேடார் செயற்கைக்கோள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது, 12 மீட்டர் விட்ட ஆன்டெனா என்று தகவல்களெல்லாம் சரிதான். ஆனால் இனி மீனவர்களுக்குக் காற்று நிலவரம் நொடிக்கு நொடி விண்ணிலிருந்தே கிடைத்துவிடும் என்ற தொனியில் முடித்திருக்கிறீர்கள். அது எனக்கு ஒப்பவில்லை.

நைசாரின் முதன்மையான வேலை நில அசைவு, காடு, பனி ஆகியவற்றைக் கவனிப்பது. கடற்காற்றை அளக்க ஸ்கேட்டரோமீட்டர் என்ற வேறு வகை ரேடார் இருக்கிறது. ஓஷன்சாட்-2, ஸ்கேட்சாட்-1, அப்புறம் 2022 நவம்பரில் ஏவிய இஓஎஸ்-06 என அதைச் சுமந்த செயற்கைக்கோள்களை நாமே மூன்று தலைமுறையாக ஏவியிருக்கிறோம். காற்று பட்டதும் கடல்மேல் சில சென்டிமீட்டர் நீளச் சிற்றலைகள் எழும். ரேடார் கதிர் அவற்றில் பட்டு எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை வைத்து வேகத்தையும் திசையையும் கணிக்கிறார்கள். இருட்டும் மேகமும் தடையில்லை. கனமழை மட்டும் கொஞ்சம் குழப்பும்.

சிக்கல் கரைக்குப் பக்கத்தில்தான். அந்த அளவீடு பொதுவாக 25 கி.மீ. கட்டத்துக்கு ஒரு மதிப்பு. கட்டத்தின் ஓரத்தில் கொஞ்சம் நிலம் விழுந்தாலும் நிலத்தின் வலுவான எதிரொலி கடலின் எதிரொலியை மூழ்கடித்துவிடும். ஆகவே கரையை ஒட்டிய மதிப்புகளைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடுகிறார்கள். நாட்டுப்படகுக்காரர் வலை விடுவது சரியாக அந்த இடத்தில். எங்கள் பக்கம் ஆடி மாதத்தில், முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டு வரும் கச்சான் என்னும் மேற்குக் காற்று கடலில் இறங்கும்போது, ஒரு நிலமுனைக்கு இந்தப் பக்கம் படகு நிம்மதியாக நிற்கும்; அந்தப் பக்கம் பாய் கிழியும். 25 கி.மீ. சராசரியில் இது எங்கே தெரியும்?

நைசார் போன்ற படமெடுக்கும் ரேடாருக்கு இது தெரியும். காற்று அடங்கிய நீர் கருப்பாகவும், காற்று பாயும் பட்டை வெளுப்பாகவும் விழும். 1978-ல் சீசாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் மூன்று மாதம் மட்டுமே இயங்கியும் இந்த வித்தையைக் காட்டிவிட்டுப் போனது. ஆனால் நைசார் அதே பாதைக்குத் திரும்ப 12 நாள் ஆகும். காற்று அதுவரை காத்திருக்குமா? ஒற்றைப் படத்தில் திசையும் நேரடியாகக் கிடைப்பதில்லை.

கனடாவைப் பாருங்கள். 1995-ல் ராடார்சாட்-1 என்ற ரேடார் செயற்கைக்கோளை ஏவியபோது அவர்களின் பெரிய தேவை கடல் பனி. மாதக்கணக்கில் இருட்டாக இருக்கும் ஆர்க்டிக்கில் சாதாரணக் கேமரா எதற்கு ஆகும்? ரேடாரிலோ வழவழப்பான புதுப் பனி கருப்பாகவும், உப்பு வடிந்து காற்றுக் குமிழ்கள் நிறைந்த பழம் பனி வெளுப்பாகவும் தெரியும். துருவத்தை நெருங்க நெருங்கச் செயற்கைக்கோளின் பாதைகள் நெருங்கி ஒன்றின்மேல் ஒன்று விழுவதால் அவர்களுக்கு அடிக்கடி படம் கிடைக்கும். 8 டிகிரி அட்சரேகையில் இருக்கும் நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் தரும் கடல்நிலை முன்னறிவிப்பை நான் குறை சொல்லவில்லை. பலர் அதைப் பார்த்துத்தான் புறப்படுகிறார்கள். கரையோரத்துக்கு இன்னும் தேவை கடலில் காற்றளக்கும் மிதவைகளும் மீன்பிடித் துறைமுகங்களில் தானியங்கிக் காற்றளவிகளும். தென்மாவட்டக் கரையில் இவை எத்தனை இருக்கின்றன, எத்தனை வேலை செய்கின்றன என்று உங்கள் நிருபர் விசாரித்து எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மணப்பாடு, தூத்துக்குடி மாவட்டம்.