டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பும் முன்

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன மாதம் மட்டும் மூன்று வண்டிகள் நம் பட்டறைக்குக் கயிறு கட்டி இழுத்து வரப்பட்டன. இரண்டு அம்பாசிடர், ஒரு பத்மினி. மூன்றிலும் ஒரே கதைதான். மைலேஜ் குறைந்த மாதிரி இருந்தது, வீட்டிலேயே டைமிங் வைத்துப் பார்த்தேன், அப்புறம் ஸ்டார்ட் ஆகவே இல்லை. வீட்டில் இந்த வேலையைச் செய்யாதீர்கள் என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. பொறுமை இருந்தால் அரை மணி நேர வேலை. எங்கள் கூலி போனால் போகட்டும். ஆனால் எந்த வரிசையில் செய்வது என்று தெரியாமல் கை வைத்தால் அது மூன்று நாள் வேலையாகிவிடும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். டைமிங் பெல்ட், டைமிங் செயின் என்பது வால்வுகள் திறந்து மூடும் நேரம் சம்பந்தப்பட்டது. நாம் இங்கே பேசுவது பிளக்கில் பொறி விழும் நேரம். இரண்டாவது, உங்கள் வண்டி இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் இந்த மடல் உங்களுக்கு இல்லை. அதில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) சென்சார் சொல்வதைக் கேட்டு கம்ப்யூட்டரே நேரத்தை முடிவு செய்கிறது. பெரும்பாலானவற்றில் திருப்புவதற்கு டிஸ்ட்ரிபியூட்டரே (பொறிக்கான மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் முறையாகப் பிரித்து அனுப்பும் பாகம்) கிடையாது. புது வண்டிக்கு "டைமிங் வைத்துக் கொடுங்கள்" என்று போன் செய்பவர்களிடம் நாங்கள் தயங்குவது அதனால்தான்.

சரி, பழைய வண்டிக்கு வருவோம். பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே பொறி விழ வேண்டும். பெட்ரோல் வெடிப்பதில்லை, எரிகிறது. முழுதாக எரிய சுமார் 2 மில்லி விநாடி பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று ஐட்லிங்கில் ஓடும்போது அந்த நேரத்தில் கிராங்க் ஏறக்குறைய 10 டிகிரி திரும்பும். 3000 சுற்றில் அதே நேரத்தில் 36 டிகிரி திரும்பிவிடும். அதனால் வேகம் கூடக்கூடப் பொறியும் முன்கூட்டியே விழ வேண்டும். அதைச் செய்வது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இரண்டு எடைக்கட்டிகளும் அவற்றின் ஸ்பிரிங்குகளும். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து ஓட்டும்போது கூடுதல் அட்வான்ஸ் (பொறியை முன்கூட்டியே விழவைப்பது) கொடுப்பது பக்கவாட்டில் இருக்கும் வேக்குவம் டப்பா. நாம் வெளியிலிருந்து திருப்பி வைப்பது இவற்றின் தொடக்கப் புள்ளியை மட்டும்தான்.

இதில் ஒன்று பழுதாக இருந்தால் தொடக்கப் புள்ளியை எத்தனை முறை மாற்றினாலும் சரிவராது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் ரோட்டாரைக் கையால் திருகி விடுங்கள். டப்பென்று பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். மெதுவாக வந்தால், அல்லது வராமலே நின்றால், உள்ளே கிரீஸ் காய்ந்து எடைக்கட்டிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ரோட்டாரைக் கழற்றி அந்தத் தண்டின் மேல் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டாலே பாதி வண்டிகள் சரியாகிவிடும். வேக்குவம் ஹோஸை வாயால் உறிஞ்சிப் பாருங்கள். உள்ளே பாயிண்ட் (திறக்கும் கணத்தில் பொறியை உண்டாக்கும் சுவிட்ச்) இருக்கும் தட்டு நகர வேண்டும், நாக்கை வைத்து அடைத்தால் நகர்ந்த இடத்திலேயே நிற்க வேண்டும். காற்று வந்துகொண்டே இருந்தால் டயாஃபிரம் கிழிந்திருக்கிறது. அதற்கு வேறு டப்பாதான் மருந்து.

அடுத்தது பாயிண்ட். எங்கள் அனுபவத்தில் "டைமிங் போய்விட்டது" என்று வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் டைமிங்கை யாரும் மாற்றியிருக்கவில்லை, பாயிண்ட்தான் தேய்ந்திருக்கிறது. கேம் மேல் உரசும் ஃபைபர் துண்டு தேயத்தேய பாயிண்ட் கேப் சுருங்கும். கேப் சுருங்கினால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், பொறியும் தாமதமாகும். கேப்பைச் சரியாக வைத்தாலே டைமிங் ஏறக்குறைய பழைய இடத்துக்கு வந்துவிடும். இது தெரியாமல் முதலில் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி, பிறகு ஒருநாள் புது பாயிண்ட் போட்டால் அட்வான்ஸ் எகிறிவிடும். ஆகவே பாயிண்ட் முதலில், டைமிங் பிறகு. இந்த வரிசையை மட்டும் எக்காரணம் கொண்டும் மாற்ற வேண்டாம். அம்பாசிடரில் வரும் லூகாஸ் வகைக்கு கேப் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், பட்டறைப் பேச்சில் 15 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு. விசிட்டிங் கார்டு, சிகரெட் அட்டை எல்லாம் நடுவழியில் நின்றால் பரவாயில்லை. வீட்டில் நிதானமாகச் செய்யும்போது ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி டைமிங். டிஸ்ட்ரிபியூட்டரின் கழுத்தும் இன்ஜின் பிளாக்கும் சேரும் இடத்தில் முதலில் ஒரு வெள்ளைக் கோடு போடுங்கள். எது நடந்தாலும் திரும்பி வர ஓர் இடம் வேண்டும். இழுத்து வரப்பட்ட மூன்று வண்டியிலும் அந்தக் கோடு இல்லை.

ஒன்றாம் சிலிண்டர் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் கட்டைவிரலை வைத்து இன்ஜினைக் கையால் சுற்றுங்கள். விரலைக் காற்று தள்ளும்போது கம்ப்ரெஷனில் வருகிறது என்று அர்த்தம். இதைப் பார்க்காமல் புல்லி அடையாளத்தை மட்டும் நம்பினால் நான்காம் சிலிண்டரின் கணக்கில் டைமிங் வைத்துவிடுவீர்கள். அப்புறம் கார்புரேட்டர் வழியாகத் தும்மும். அம்பாசிடரில் ஹேண்டில் போட்டுச் சுற்றுவது வசதிதான், ஆனால் கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்தே வைத்துப் பிடியுங்கள். அட்வான்ஸ் அதிகமாக இருக்கும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்போது ஹேண்டிலைத் திருப்பி அடிக்கும். பழைய டிரைவர்களில் மணிக்கட்டு உடைந்தவர்கள் பலர்.

கையேட்டில் சொல்லியிருக்கும் டிகிரிக்குப் புல்லி அடையாளத்தைக் கொண்டுவாருங்கள். தாண்டிப் போய்விட்டால் கொஞ்சம் பின்னால் போய், மறுபடி முன்பக்கமாகவே சுற்றி வாருங்கள். அப்போதுதான் செயினின் தொய்வு கணக்கில் வராது. பிறகு ஒரு 12 வோல்ட் சின்ன பல்பு. ஒரு வயரை காயிலிலிருந்து (பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் பாகம்) டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையில் மாட்டி, இன்னொன்றை எர்த்தில் வையுங்கள். இக்னிஷனைப் போடுங்கள். கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, ரோட்டார் சுற்றும் திசையில் பல்பு அணையும்வரை டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புங்கள். அங்கிருந்து எதிர்த்திசையில் மெதுவாக வந்தால் ஓரிடத்தில் பல்பு எரியும். பாயிண்ட் திறந்த கணம் அது. அங்கேயே நிறுத்தி போல்ட்டை முடுக்குங்கள். ரோட்டாரின் திசைக்கு எதிராகத் திருப்பினால் அட்வான்ஸ், அதே திசையில் ரிட்டார்ட், அதாவது தாமதம். டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு டிகிரி திருப்பினால் கிராங்க் கணக்கில் இரண்டு டிகிரி, அதனால் நூலளவுதான் நகர்த்த வேண்டும். இக்னிஷனைப் போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போகாதீர்கள், காயில் சூடாகிவிடும்.

போல்ட்டை முடுக்குவது பற்றி எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. தொழில் பழகிய காலத்தில் ஒரு வண்டிக்கு மிக அழகாக டைமிங் வைத்தேன். போல்ட்டைக் கையால் மட்டும் முடுக்கியதை மறந்துவிட்டு ஓட்டிப் பார்க்கப் போனேன். மேட்டுப்பாளையம் தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் இன்ஜின் படபடவென்று அடித்து நின்றது. இறங்கிப் பார்த்தால் டிஸ்ட்ரிபியூட்டர் தன் இஷ்டத்துக்குத் திரும்பி நிற்கிறது.

பல்பு முறை போதுமானது. டைமிங் லைட் (பொறி விழும்போதெல்லாம் மின்னும் விளக்கு) இருந்தால் இன்னும் துல்லியம், இன்ஜின் ஓடும்போதே பார்க்கலாம். பாயிண்ட் இல்லாத எலக்ட்ரானிக் இக்னிஷன் வண்டிக்குப் பெரும்பாலும் அதுதான் வழி. வேக்குவம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டுப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: அந்த வெளிச்சத்தில் ஓடும் ஃபேன்கூட நிற்பதுபோலவோ மெதுவாக நகர்வதுபோலவோ தெரியும். வேட்டி நுனி, துண்டு, துப்பட்டா எதுவும் கிட்டே வேண்டாம். ஷெட் கதவையும் திறந்து வையுங்கள்.

காதால் வைப்பது பற்றிக் கேட்பீர்கள். நாக்கிங் சத்தம் (சிலிண்டருக்குள் கலவை கட்டுப்பாடில்லாமல் எரியும்போது வரும் தட்டல்) வரும்வரை அட்வான்ஸ் கொடுத்து, கொஞ்சம் பின்வாங்குவது. பெரிய மெக்கானிக்குகள் அப்படித்தான் செய்தார்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வேகத்தில் போகும்போது வரும் நாக்கிங் காற்று இரைச்சலில் காதில் விழாது, பிஸ்டனுக்கு மட்டும் தெரியும். இன்னொன்று, ஊட்டி வாடிக்கையாளர்கள் கவனிக்க வேண்டியது. 2,240 மீட்டர் உயரத்தில் காற்று லேசு, சிலிண்டரில் அழுத்தம் குறைவு. அங்கே காதால் வைத்தால் அதிக அட்வான்ஸையும் இன்ஜின் சத்தமில்லாமல் தாங்கிக்கொள்ளும். அதே வண்டி கோவைக்கு இறங்கி வெயிலில் மூன்றாம் கியரில் பாலம் ஏறும்போது கடகடவென்று தட்டும். ஊட்டியிலிருந்து வருபவர்கள் "கீழே பெட்ரோல் சரியில்லை" என்று சொல்வதில் பெரும்பகுதி இதுதான்.

பொறி தாமதமாக விழுந்தால் வேறு விதமாக ஏமாற்றும். இழுவை இருக்காது, சைலன்சர் வெடிக்கும், முக்கியமாக வண்டி சூடாகும். எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் உள்ளே எரிந்துகொண்டே இருப்பதால் அந்தச் சூடு எல்லாம் ஹெட்டிலும் மேனிஃபோல்டிலும் இறங்கும். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, தெர்மோஸ்டாட் மாற்றி, வாட்டர் பம்ப்பும் மாற்றிய பிறகு நம்மிடம் வந்த வண்டிகள் உண்டு.

இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருவதால் ஒரு வார்த்தை. எத்தனால் நாக்கிங்கைக் குறைக்கிறது. ஆனால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான அதே ஜெட்டில் கலவை லீன் ஆகிறது, அதாவது காற்றுக்குத் தேவையான அளவு எரிபொருள் இருக்காது, கார்புரேட்டர் தானாகச் சரிசெய்துகொள்ளாது. டைமிங் எல்லாம் சரியாக இருந்தும் பிக்கப் சோர்வாக இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டரை விட்டுவிட்டு கார்புரேட்டரைக் காட்டுங்கள். பழைய ரப்பர் பெட்ரோல் ஹோஸையும் அப்படியே பார்த்துவிடலாம்.

பல்பும் கிளிப்பும் மாட்டிய வயர் கல்லாவில் கிடைக்கும். டைமிங் லைட் ஒன்று இரவலுக்கு வைத்திருக்கிறோம், சனிக்கிழமை மாலை எடுத்துப்போய் திங்கள் காலை கொண்டுவாருங்கள். போன தடவை வாங்கிப் போனவர் இன்னும் கொடுக்கவில்லை. அவர் இதைப் படிப்பார் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பட்டறையிலிருந்து