கல்லடி வீட்டில் பூட்டிய 5 கிலோவாட் சோலார்: உற்பத்திக் குறைவு பற்றிய புகார்

முகாமையாளர் அவர்களுக்கு,

என் வீட்டுக் கூரையில் உங்கள் நிறுவனம் பூட்டிய சோலார், மாதம் சராசரியாக 600 யூனிட் தரும் என்று விலைக்கூற்றில் எழுதித் தந்தீர்கள். மின்சார சபை தரும் காசிலேயே வங்கித் தவணையைக் கட்டிவிடலாம் என்று கணக்கும் போட்டுக் காட்டினீர்கள். ஜூனிலும் ஜூலையிலும் 400 யூனிட்டைக்கூடத் தொடவில்லை. மிச்சத் தவணை என் சம்பளத்தில் போகிறது.

கொழும்பு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். "இப்போது மழைக்காலம், வானம் மூடியிருக்கும், கொஞ்சம் பொறுங்கள்" என்றார் உங்கள் அலுவலர். அங்கே தென்மேல் பருவமழை பெய்யலாம், சரி. மட்டக்களப்பில் ஜூன், ஜூலை என்றால் வறண்ட கச்சான் காற்று அடித்து, கிணற்றுத் தண்ணீர் கீழே இறங்கும் காலம். எங்களுக்கு மாரி ஐப்பசி, கார்த்திகையில்தான் தொடங்கும். இந்த வெயிலிலேயே இவ்வளவுதான் என்றால் மார்கழியில் என்ன வரும்?

காரணம் வானத்தில் இல்லை, மேற்குப் பக்க வளவுத் தென்னைகளில் இருக்கிறது. இடம் பார்க்க வந்தவர் காலையில் வந்து, அளந்து, தேநீர் குடித்துவிட்டுப் போனார். அந்த நேரம் நிழல் எங்கள் கூரைப் பக்கமே வராது. பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு மூன்று பனல்களில் ஓலை நிழல் விழுகிறது. பத்துப் பனல்களையும் ஒரே தொடராக இணைத்திருப்பதால் மற்றவையும் சேர்ந்து இழுபடுகின்றன. இன்வேர்ட்டர் செயலியில் பாருங்கள், தினமும் அதே நேரத்தில் உற்பத்திக் கோடு சரிகிறது. எங்கள் ஒழுங்கையில் நிழல் விழாத இன்னொரு வீட்டில், அதே 5 கிலோவாட் 600 யூனிட்டைத் தாண்டுகிறது.

தென்னைகளை வெட்டச் சொல்லலாமே என்று உங்கள் தொழில்நுட்பவியலாளர் யோசனை சொன்னார். அவை அயல் வீட்டாரின் காய்க்கிற மரங்கள். எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

இன்னொன்று. கடல் இங்கே கூப்பிடு தூரம். துருப்பிடிக்காத உருக்கு ஆணிகள் என்று விலைக்கூற்றில் இருக்கிறது. பூட்டியிருப்பவற்றில் இப்போதே செந்துரு ஏறிவிட்டது. படங்களை இணைத்திருக்கிறேன். மாரிக் காற்றில் பனல் கழன்று பறந்தால் யார் பொறுப்பு?

அந்த மூன்று பனல்களையும் நிழல் படாத இடத்துக்கு மாற்ற வேண்டும், அல்லது ஒவ்வொன்றும் தனித்து இயங்கும்படி உங்கள் செலவில் கருவி பொருத்த வேண்டும். ஆணிகளை மாற்ற வேண்டும். குறைந்த யூனிட்டுகளுக்கான பணத்தையும் தர வேண்டும். வேலை எப்போது தொடங்கும் என்பதை இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் அறிவியுங்கள். இல்லாவிட்டால் விலைக்கூற்றோடும் படங்களோடும் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்,
கல்லடி, மட்டக்களப்பு