செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நகர்வாசிகளே, அனைவருக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, வாய்க்கால் தூர்வாரல், பொங்கல் விளையாட்டு விழா எல்லாம் வழக்கம்போல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் அதிகம் சொல்ல வேண்டியது, 18 முதல் 25 வயதுப் பிள்ளைகளுக்காகச் சங்கக் கட்டட மொட்டைமாடியில் நடந்த யோகா வகுப்பைப் பற்றித்தான்.

இதற்கு விதை நம் புதுச்சேரியிலேயே இருந்தது. ஜிப்மர் மருத்துவக் கல்லூரியில் 27 மாணவர்களுக்கு 12 வாரம் யோகா பழக்கி அளந்து பார்த்த ஆய்வு 1992இல் வெளிவந்தது. மூச்சை இழுக்கும் அழுத்தம், ஊதும் அழுத்தம், மூச்சடக்கும் நேரம் எல்லாமே அதில் கூடியிருந்தன. நாமும் 12 வாரம் என்று அக்டோபரில் தொடங்கினோம். நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் குறுக்கே வந்தது. ஜமக்காளங்கள் காயவே ஒரு வாரம் ஆயிற்று. சேர்ந்தவர்கள் 22 பேர்; கடைசிவரை வந்தவர்கள் 14.

முதல் நாளும் கடைசி நாளும் பீக் ஃப்ளோ மீட்டரில், அதாவது மூச்சை எவ்வளவு வேகமாக ஊதுகிறோம் என்று முள்ளால் காட்டும் கருவியில், ஊதவைத்தோம். நின்றபடி நெஞ்சு நிறைய இழுத்து, அட்டைக்குழலை உதட்டால் இறுக்கி, ஒரே வீச்சில் ஊத வேண்டும். மூன்று முறை ஊதி, பெரிய எண்ணைக் குறித்துக்கொள்வோம். எச்சில் துப்புவதுபோல் 'தூ' என்று ஊதினால் முள் பொய்யாக ஏறும். முதல் நாள் பாதிப்பேர் அப்படித்தான் ஊதினார்கள், திரும்பத் திரும்பச் சொல்லித்தர வேண்டியிருந்தது.

கடைசி நாளில் பலருக்கும் முள் முன்பைவிட மேலே நின்றது. 'நுரையீரல் பெரிதாகிவிட்டது' என்று அறிவிப்புப் பலகையில் எழுதச் சொன்னார்கள். நான் மறுத்ததில் சிலருக்கு வருத்தம். நுரையீரல் வளர்ந்து முடிகிற வயது இது. 12 வாரத்தில் வலுக்கூடுவது உதரவிதானமும் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசை) விலாத் தசைகளும். போதாததற்கு, இரண்டாம் தடவை ஊதும்போது ஊதும் வித்தையும் பிடிபட்டுவிடுகிறது. வகுப்புக்கு வராத பிள்ளைகளையும் இருமுறை அளந்திருந்தால் எது எதனால் என்று பிரித்திருக்கலாம். அதைச் செய்யாமல் விட்டது என் தவறு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். வீசிங் உள்ள ஒரு தம்பி, கபாலபாதி என்னும், மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் பயிற்சி பழகிய தெம்பில் இன்ஹேலரை நிறுத்திவிட்டான். ஈரக்காற்று வீசிய ஒரு விடியற்காலையில் அவனுக்கு மூச்சுத்திணற, ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். இப்போது நலமாக இருக்கிறான். "யாருங்க நிறுத்தச் சொன்னது?" என்று அவன் அம்மா கேட்டார். யாரும் சொல்லவில்லை. நிறுத்தாதே என்றும் நாங்கள் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த சேர்க்கைப் படிவத்தின் முதல் வரியே அதுதான்: மருத்துவர் சொல்லாமல் மருந்தை நிறுத்தக் கூடாது. வீசிங் உள்ளவர்களுக்குக் கபாலபாதி கிடையாது. இரு மூக்குத் துளைகளிலும் மாற்றி மாற்றி மூச்சுவிடும் மெதுவான நாடிசுத்தி மட்டும்.

மீட்டர் சங்க அலமாரியில் இருக்கிறது. அட்டைக்குழல் ஆளுக்குப் புதிதாக ஒன்று தரப்படும். வீட்டுக்கு எடுத்துப்போன இரண்டு ஜமக்காளங்கள் இன்னும் வந்து சேரவில்லை.

இப்படிக்கு,
செயலாளர்