தோற்ற மாணவருக்கு விடைத்தாளைக் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் 2 தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில், தேர்ச்சி பெறாத மாணவர்களுக்கு ஊக்கமூட்டும் கட்டுரைகளைத் தங்கள் நாளிதழ் ஆண்டுதோறும் வெளியிட்டு வருவது பாராட்டுக்குரியது. தோல்வியே வெற்றிக்கு முதல் படி என்று அவற்றில் வலியுறுத்தப்படும் கருத்தில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆயினும், தோல்வி தானாக எவரையும் உயர்த்திவிடுவதில்லை. எங்கே, எதனால் தவறியது என்று அறிந்துகொள்ளும் வாய்ப்பு தோற்றவருக்குக் கிடைத்தால்தான் அது பயன் தரும். நம் பள்ளிகளில் அந்த வாய்ப்பு மிகக் குறைவாக இருக்கிறது என்பதை, பல ஆண்டுகள் அரசுப் பள்ளியில் கணிதம் கற்பித்தவன் என்ற முறையில் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இத்தகைய கட்டுரைகளில் தவறாமல் இடம்பெறும் எஸ்.எல்.வி.-3 ஏவுகலத்தையே எடுத்துக்கொள்வோம். 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அது வங்கக் கடலில் விழுந்தது; 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது. இந்த இரு தேதிகளையும் சொல்லி, இடையில் இருந்தது விடாமுயற்சி என்று முடித்துவிடுகிறோம். உண்மையில் அந்தப் பதினொரு மாதங்களில் நடந்தது ஆய்வு. பதிவான தரவுகளை வரிவரியாகப் பார்த்து, இரண்டாம் நிலையின் கட்டுப்பாட்டு அமைப்பில் அமிலம் கசிந்ததே காரணம் என்று கண்டுபிடித்து, அதைச் சரிசெய்த பிறகே அடுத்த ஏவுகலம் புறப்பட்டது. திட்ட இயக்குநராக இருந்த அப்துல் கலாமை முன்னே தள்ளாமல், இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் தாமே செய்தியாளர்களைச் சந்தித்துத் தோல்விக்குப் பொறுப்பேற்றார்; மறு ஆண்டு வெற்றி கிட்டியபோது கலாமைப் பேசச் செய்தார். அதாவது, தோற்றவருக்குத் தேவையான தரவு, அவகாசம், பக்கத்துணை ஆகிய எல்லாமே அங்கே இருந்தன.

நம் கடலூருக்குப் பக்கத்து மாவட்டமான விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3 இன்னும் தெளிவான சான்று. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் தரையிறங்கு கலமான விக்ரம் நிலவில் மோதியதற்கான காரணங்கள் ஒவ்வொன்றாக ஆராயப்பட்டு, எவையெல்லாம் தவறக்கூடும் என்ற கேள்வியிலிருந்தே அடுத்த கலம் வடிவமைக்கப்பட்டது. கால்கள் வலுப்படுத்தப்பட்டன, கூடுதல் எரிபொருள் நிரப்பப்பட்டது, 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்றிருந்த தரையிறங்கும் பரப்பு 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. 2023 ஆகஸ்ட் 23 அன்று கிடைத்த வெற்றி இந்தத் திருத்தங்களின் பலன்.

தேர்ச்சி பெறாத நம் மாணவருக்கு என்ன கிடைக்கிறது? ஓர் எண் மட்டுமே கிடைக்கிறது. கணிதத்தில் 27 என்றால் 27தான். அந்த 27 எப்படி வந்தது என்பதை அவர் அறிவதே இல்லை. விடைத்தாள் நகல் பெற விண்ணப்பிக்கலாம் என்பது உண்மையே. ஆனால் கட்டணமும் உண்டு, அவகாசமும் சில நாட்கள்தான். நான் பார்த்தவரை, கட்-ஆப் மதிப்பெண்ணில் ஓரிரண்டு கூடுமா என்று பார்க்கும் மாணவர்களே அதற்கு விண்ணப்பிக்கிறார்கள். அதிகம் தேவைப்படும் பிள்ளைகள் அந்த நாட்களில் வீட்டை விட்டு வெளியே வருவதற்கே கூசுகிறார்கள்.

ஒரு முறை, தோல்வியடைந்த மாணவி ஒருத்தியின் பெற்றோரை வற்புறுத்தி நகல் பெறச் செய்து, அந்தப் பெண்ணுடன் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தேன். இருபது ஒரு மதிப்பெண் வினாக்களுக்கே பக்கத்தின் அடியில் நீண்ட நீண்ட கணக்குகளைப் போட்டுப் பார்த்திருந்தாள். ஐந்து மதிப்பெண் வினாக்களோ கடைசிப் பக்கங்களில், கிறுக்கலான கையெழுத்தில், பாதியில் நின்றிருந்தன. தொடங்கிய வரை எல்லாமே சரியான வழிமுறை. பாடம் புரியாததால் அவள் தோற்கவில்லை. மூன்று மணி நேரத்தைப் பங்கிடத் தெரியாமல் தோற்றிருந்தாள். அது தெரிந்ததும் அந்த முகத்தில் வந்த தெளிவை எந்த ஊக்கவுரையும் கொண்டுவந்திருக்காது. பெரிய வினாக்களை முதலில் எழுதிப் பழகி, துணைத் தேர்வில் நல்ல மதிப்பெண்ணுடன் தேறினாள். விடைத்தாளைப் பார்க்காமல் இருந்திருந்தால், தனக்குக் கணக்கு வராது என்ற முடிவோடு வாழ்நாள் முழுவதும் இருந்திருப்பாள்.

மாநில அளவில் ரேங்க் அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017ஆம் ஆண்டில் கைவிட்டது மிக நல்ல முடிவு. ஆனாலும் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் சாலைகளில் முதலிடம் பெற்றவர்களின் பிளக்ஸ் பேனர்கள் குறைந்தபாடில்லை. தேர்ச்சி பெறாத பிள்ளை அந்தத் தெருவழியாகத்தான் கடைக்குப் போய் வர வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயலில், பண்ருட்டிப் பக்கம் பல ஆண்டு வளர்ந்த முந்திரியும் பலாவும் ஒரே நாளில் சாய்ந்தபோது, மீண்டும் கன்று நட்டு, அது காய்ப்புக்கு வரும் வரை காத்திருந்த மக்கள் நாம். ஒரு கன்றுக்குக் கொடுத்த அந்த அவகாசத்தைப் பதினேழு வயதுப் பிள்ளைக்கு ஏன் கொடுக்க மறுக்கிறோம்?

எனவே, தேர்ச்சி பெறாத ஒவ்வொரு மாணவருக்கும் அவர் தவறிய பாடத்தின் விடைத்தாள் நகலைக் கட்டணமின்றி, விண்ணப்பத்துக்குக் காத்திராமல், பள்ளி வழியாகவே வழங்கப் பள்ளிக் கல்வித் துறை முன்வர வேண்டும். துணைத் தேர்வுக்கு முன் அந்தப் பாட ஆசிரியர் மாணவருடன் உட்கார்ந்து அதைப் பார்ப்பதைப் பள்ளியின் கடமையாக்க வேண்டும். தேர்வுப் பணி, சேர்க்கைப் பணி என்று மே, ஜூன் மாதங்களில் ஆசிரியர்களுக்கு உள்ள சுமையை நான் அறிவேன். ஒரு மாணவருக்கு ஒரு மணி நேரம் போதும். மனம் தளர்ந்திருக்கும் மாணவர்களும் பெற்றோரும் 104 என்ற எண்ணில் ஆலோசனை பெறலாம் என்பதையும் ஒவ்வொரு பள்ளியின் வாயிலிலும் எழுதி வைக்கலாம்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். முடிவுகள் வெளியாகும் நாளில் முதலிடம் பெற்றவர்களின் படங்களை வெளியிடுவது போலவே, துணைத் தேர்வு எழுதித் தேறி, பத்தாண்டுகள் கழித்து இன்று மருத்துவமனையிலும் பட்டறையிலும் கல்லூரியிலும் பணியாற்றும் நம் மாவட்டத்தினரை, அவர்கள் விரும்பினால், பேட்டி கண்டு வெளியிடுங்கள். எந்தப் பாடத்தில், எதனால் தவறினார்கள், எப்படித் திருத்திக்கொண்டார்கள் என்பதையும் அவர்களிடம் விரிவாகக் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.